டிவிடியிலிருந்து கைபேசிக்கு: ‘கன்வர்ட்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள்

இரண்டு ஃபைல்கள். இரண்டின் பெயரும் எம்பி4 என்றுதான் முடிகிறது. ஒன்று கைபேசியில் தட்டியதும் ஓடுகிறது. மற்றதில் வசனம் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. அதே ஃபைல் கணினியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். உடனே ஒரு கன்வர்ட்டரை இறக்கி, ‘மொபைல்’ என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்துகிறோம். இரண்டு மணி நேரம் கணினி சூடேறி உழைத்த பிறகு புதிய ஃபைல் வருகிறது. ஓடவும் செய்கிறது, ஆனால் படம் மங்கல், ஃபைலோ முன்பைவிடப் பெரிது. டிவிடியை மாற்றியவர்களுக்கு இன்னொரு பரிசும் கிடைக்கும்: படத்தில் எல்லோரும் ஒல்லியாக, நெடுநெடுவென்று தெரிவார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் ‘கன்வர்ட்’ என்ற சொல்தான். அதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் கணினியைச் சூடாக்கும், ஒன்றுதான் படத்தைக் கெடுக்கும், இரண்டும் ஒரே வேலை. பல சமயம் அந்த வேலை தேவையே இருந்திருக்காது.

பெட்டி வேறு, உள்ளிருக்கும் சரக்கு வேறு

எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி எல்லாம் பெட்டிகளின் பெயர்கள். கன்டெய்னர் என்பது இதைத்தான். பெட்டிக்குள் ஒரு வீடியோத் தடம், ஒன்றோ பலவோ ஒலித் தடங்கள், சில சமயம் சப்டைட்டில் தடம், எது எந்த நொடியில் வர வேண்டும் என்ற கணக்கு, இவை இருக்கும்.

ஒவ்வொரு தடமும் ஏதோ ஒரு முறையில் சுருக்கப்பட்டிருக்கும். அந்த முறைக்குப் பெயர் கோடெக். டிவிடி பயன்படுத்துவது எம்பெக்-2. கடந்த இருபது ஆண்டுகளில் அதிகம் புழங்குவது 2003-இல் வந்த எச்.264. அதற்கு அடுத்த தலைமுறை, எச்இவிசி என்றும் அழைக்கப்படும் எச்.265, 2013-இல் வந்தது. விபி9-உம் அதே ஆண்டுதான். ஏவி1 2018-இல் வந்தது.

ஃபைல் பெயரின் வால் பெட்டியைத்தான் சொல்கிறது, உள்ளே என்ன கோடெக் என்று சொல்வதில்லை. எம்பி4 பெட்டிக்குள் எச்.264-உம் இருக்கலாம், எச்.265-உம் இருக்கலாம், ஏவி1-உம் இருக்கலாம். அந்தக் கறுப்புத் திரை ஃபைலில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: பெட்டியைத் திறக்கக் கைபேசிக்குத் தெரிந்தது, ஒலித் தடமும் தெரிந்த ஏஏசி வகை, வீடியோவின் கோடெக் மட்டும் அதற்குத் தெரியாதது.

டிஸ்க்குக்குள் எட்டிப் பார்த்தால்

டிவிடியைக் கணினியில் போட்டுத் திறந்தால் ‘வீடியோ_டிஎஸ்’ என்று ஒரு ஃபோல்டர் தெரியும். அதற்குள் மூன்று வகை ஃபைல்கள்.

1. விஓபி: படமும் ஒலியும் சப்டைட்டிலும் பின்னிக் கிடப்பது இதில்தான். ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது என்பது டிவிடியின் விதி. அதனால் ஒரே படம் நான்கைந்து துண்டுகளாக இருக்கும்.
2. ஐஎஃப்ஓ: சில கிலோபைட் அளவுள்ள சின்ன ஃபைல். எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு, அத்தியாயங்கள் எங்கே தொடங்குகின்றன, எந்த ஒலித் தடம் எந்த மொழி, சப்டைட்டிலுக்கு என்ன நிறம் என்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது.
3. பியூபி: ஐஎஃப்ஓவின் நகல். டிஸ்க்கில் கீறல் விழுந்து முதலாவது படிக்க முடியாமல் போனால் உதவும்.

இந்த ஃபோல்டரிலிருந்து பெரிய விஓபி ஒன்றை மட்டும் இழுத்து, பெயரின் வாலை எம்பெக் என்று மாற்றிக் கைபேசியில் போடுவோர் உண்டு. கிடைப்பது படத்தின் இருபது நிமிடத் துண்டு. மொழித் தேர்வு இல்லை, அத்தியாயம் இல்லை, நேரக் கணக்கும் கோணலாக இருக்கலாம். பூஜ்யத்தில் முடியும் விஓபியை எடுத்தவர்களுக்கு மெனு மட்டும்தான் கிடைக்கும். வழிகாட்டியான ஐஎஃப்ஓவை விட்டுவிட்டு வந்ததன் விளைவு இது. ஆகவே எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் அதற்குக் காட்ட வேண்டியது முழு ஃபோல்டரை, தனி ஃபைலை அல்ல. கருவி ‘டைட்டில்’ பட்டியல் ஒன்றைக் காட்டும், அதில் நீளமானதுதான் பொதுவாகப் படம்.

விசிடி இதைவிட எளிது. எம்பெக்-1 முறை, 352×288 அல்லது 352×240 பிக்சல், நொடிக்கு 1,150 கிலோபிட் வீடியோ, ஒரே நீளமான ‘டாட்’ ஃபைல். ப்ளூ-ரேயில் ‘பிடிஎம்வி’ என்ற ஃபோல்டர், அதற்குள் எம்2டிஎஸ் ஃபைல்கள், பெரும்பாலும் 1920×1080 அளவில் எச்.264. ஒரு அடுக்கில் 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50 ஜிபி.

மூன்று வேலைகள்

1. எடுப்பது. டிஸ்க்கில் உள்ளதை அப்படியே கணினிக்குக் கொண்டுவருவது, ‘ரிப்’ என்று சொல்வது இதை. தரம் இம்மியும் மாறாது. நேரம் டிரைவின் வேகத்தைப் பொறுத்தது. டிவிடியின் ஒரு மடங்கு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.385 எம்பி, அந்த வேகத்தில் 4.7 ஜிபி டிஸ்க்குக்கு ஒரு மணி நேரம் ஆகும். இப்போதைய டிரைவ்கள் அதைவிடப் பல மடங்கு விரைவு. கீறல் விழுந்த டிஸ்க் என்றால் டிரைவ் திரும்பத் திரும்ப முயன்று தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் டிஸ்க்கிலிருந்து நேரடியாக என்கோட் செய்யாமல் (புதிதாகச் சுருக்காமல்), முதலில் முழுவதையும் ஹார்டு டிஸ்க்குக்கு எடுத்துவிடுவது நல்லது.

2. பெட்டியை மாற்றுவது. ‘ரீமக்ஸ்’ என்பார்கள். எம்கேவியில் இருக்கும் எச்.264 தடத்தைத் தொடாமல் தூக்கி எம்பி4 பெட்டியில் வைப்பது. ஒரு பிட் கூட மாறாது. இரண்டு மணி நேரப் படத்துக்கும் ஓரிரு நிமிடங்கள் போதும், ஏனென்றால் நடப்பது வெறும் நகலெடுப்பு.

3. மறுபடி என்கோட் செய்வது. ‘டிரான்ஸ்கோட்’. ஒவ்வொரு ஃப்ரேமையும் விரித்து, படமாக்கி, வேறொரு முறையில் திரும்பச் சுருக்குவது. கணினியைச் சூடாக்குவதும் தரத்தைக் குறைப்பதும் இது ஒன்றுதான்.

சந்தையில் உள்ள பல கன்வர்ட்டர்கள் எதைக் கொடுத்தாலும் மூன்றாவது வேலையையே செய்கின்றன. அதைச் சொல்லவும் மாட்டார்கள். 2003-இல் தொடங்கிய ஹேண்ட்பிரேக் நல்ல, இலவசக் கருவி, ஆனால் அதுவும் வீடியோத் தடத்தை எப்போதும் புதிதாக என்கோட் செய்யும், அப்படியே கடத்தி விடாது. பெட்டியை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியில் ‘காப்பி’ என்ற கட்டளை இருக்கிறது. எம்கேவி பெட்டியே போதும் என்றால் எம்கேவிடூல்நிக்ஸ் இருக்கிறது.

மறுபடி சுருக்கினால் ஏன் கெடுகிறது

ஒரு சின்னக் கணக்கு. பால் (பிஏஎல், இந்தியாவும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் பின்பற்றிய தொலைக்காட்சி முறை) வகை டிவிடியின் ஒரு ஃப்ரேம் 720×576, அதாவது 4,14,720 பிக்சல். நிறத் தகவலைக் குறைத்துச் சேமித்தாலும் பிக்சலுக்கு 12 பிட் தேவை. நொடிக்கு 25 ஃப்ரேம். பெருக்கினால் நொடிக்கு 124 மெகாபிட்டுக்குச் சற்று மேல், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 56 ஜிபி. டிவிடி வீடியோவுக்கு அனுமதி நொடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட்தான், நடைமுறையில் 5 மெகாபிட் அளவில் ஓடும் படங்கள் ஏராளம். அப்படியென்றால் நம் கைக்கு வரும்போதே படம் இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கி வந்திருக்கிறது.

இவ்வளவு குறைக்க என்கோடர் இரண்டு தந்திரங்களை நம்புகிறது. ஒரு முழு ஃப்ரேமைச் சேமித்துவிட்டு, அடுத்து வருபவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்வது ஒன்று. கண் பொருட்படுத்தாத நுணுக்கங்களைத் தூக்கி எறிவது மற்றொன்று. எறிந்தது திரும்பி வராது. அதன் தடயமாக, இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகவும், எழுத்து விளிம்புகளைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போலவும் சின்னச் சின்னப் பிழைகள் தங்கிவிடும்.

இப்போது அதையே இரண்டாவது என்கோடரிடம் கொடுக்கிறோம். அந்தக் கட்டமும் கொசுவும் படத்தின் பகுதி இல்லை என்று அதற்கு எப்படித் தெரியும்? அவற்றைக் காப்பாற்றவும் பிட்டைச் செலவழிக்கிறது, அந்த அளவுக்கு முகத்துக்கும் புல்லுக்கும் மிச்சம் குறைகிறது. கூடவே தன் பங்குக்குப் புதிய பிழைகளையும் சேர்க்கிறது. நகலின் நகலுக்கு நகல் எடுத்தால் என்ன ஆகுமோ அதுதான்.

கைக்கருவி உண்மையில் எதைக் கேட்கிறது

கைபேசிச் சிப்பில் வீடியோவை விரிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, ஹார்டுவேர் டிகோடர். அதற்குச் சில கோடெக்குகள் மட்டும் தெரியும், அவற்றை மிகக் குறைந்த மின்சாரத்தில் விரித்துவிடும். தெரியாத கோடெக் வந்தால் இரண்டு வழி. பிளேயர் கைவிட்டுவிடும், அல்லது விஎல்சி போன்ற ஆப், கைபேசியின் பொதுப் பிராசஸரைக் கொண்டு அந்த வேலையைச் செய்யும். இரண்டாவதில் படம் ஓடும், கையில் கருவி சூடாகும், பேட்டரி கண்முன்னே இறங்கும்.

கோடெக்கின் பெயர் பொருந்தினால் மட்டும் போதாது. எச்.264-க்குள்ளேயே பேஸ்லைன், மெயின், ஹை என்று புரொஃபைல்கள் உண்டு, எவ்வளவு பெரிய படத்தை எவ்வளவு வேகத்தில் விரிக்க வேண்டும் என்று சொல்லும் லெவல்கள் உண்டு. 720×576 அளவில் 25 ஃப்ரேம் என்றால் லெவல் 3 போதும். 1280×720-இல் 30 ஃப்ரேமுக்கு 3.1 வேண்டும். அப்புறம் 10-பிட் நிறம், அதாவது ஒவ்வொரு நிற அளவையும் வழக்கமான 8 பிட்டுக்குப் பதில் 10 பிட்டில் குறிப்பது. எச்.264-இல் 10-பிட்டாக என்கோட் செய்த ஃபைல்களைப் பெரும்பாலான கைபேசிகளின் ஹார்டுவேர் டிகோடர் ஏற்காது. பெயர் எச்.264 என்றே இருப்பதால் ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

‘திரையின் அளவுக்குப் படத்தைச் சுருக்கு’ என்ற பழைய அறிவுரையையும் இங்கே பார்த்துவிடலாம். 2005 அக்டோபரில் வந்த வீடியோ ஐபாடின் திரை 320×240. பிஎஸ்பியின் திரை 480×272. அவற்றுக்கு டிவிடியைச் சுருக்கியே ஆக வேண்டியிருந்தது. இன்று மலிவான கைபேசித் திரையிலும் டிவிடியில் இருப்பதைவிட அதிகப் பிக்சல்கள் இருக்கின்றன. ஆனால் கன்வர்ட்டர்களின் பட்டியலில் அந்தக் காலத்து முன்னமைப்புகள் இன்னும் வாழ்கின்றன. ‘மொபைல்’ பொத்தானை அழுத்தியதும் படம் மங்கிப் போவதற்கு இது ஒரு காரணம். எதிர்த்திசையில், டிவிடியை 1080 வரிகளுக்குப் பெரிதாக்கிச் சேமிப்பதும் வீண் வேலை. இல்லாத நுணுக்கம் அதனால் வந்துவிடாது, ஃபைல்தான் வீங்கும். பெரிதாக்கிக் காட்டும் வேலையைத் திரை தானே பார்த்துக்கொள்ளும்.

ஒல்லி மனிதர்களும் சீப்புப் பற்களும்

டிவிடியை மாற்றுவதில் மிக அதிகமாகச் சொதப்பும் இடம் இது, எனவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

720×576 என்பது 5-க்கு 4 என்ற விகிதம். ஆனால் எந்தப் படமும் அந்த விகிதத்தில் காட்டப்படுவதற்காக எடுக்கப்படவில்லை. பழைய தொலைக்காட்சிக்கு 4:3, அகலத் திரைக்கு 16:9. டிவிடி இரண்டையும் அதே 720×576-க்குள் அமுக்கி வைக்கிறது. ‘காட்டும்போது அகலமாக்கு’ என்ற குறிப்பு மட்டும் கூடவே இருக்கும். 16:9 படம் 1024×576-ஆக விரிய வேண்டும். கன்வர்ட்டர் அந்தக் குறிப்பைப் படிக்காமல் விட்டால், அல்லது புதிய ஃபைலில் எழுதாமல் விட்டால், படம் அமுங்கிய நிலையிலேயே நின்றுவிடும். ஆட்கள் ஒல்லியாவது இதனால்தான். இப்படி ஆனதைச் சரிசெய்ய மறுபடி என்கோட் செய்ய வேண்டியதில்லை. பெட்டியில் அந்த விகிதக் குறிப்பைத் திருத்தினால் பெரும்பாலும் போதும்.

அடுத்தது இன்டர்லேஸ். குழாய்த் தொலைக்காட்சிக்காக எடுத்த வீடியோவில் நொடிக்கு 50 அரைப்படங்கள். ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். இரண்டும் வெவ்வேறு கணத்தில் பதிவானவை. கைபேசித் திரை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும்போது, அசையும் பொருளின் ஓரத்தில் சீப்பின் பற்கள் போலக் கோடுகள் தெரியும். யாராவது கையைப் பக்கவாட்டில் வீசும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள், இருக்கிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

கோடு தெரிந்தால் மட்டும் ‘டிஇன்டர்லேஸ்’ தேர்வைப் போட வேண்டும். சினிமா ஃபிலிமிலிருந்து வந்த பால் டிவிடிகளில் இரண்டு அரைப்படமும் ஒரே ஃபிலிம் சட்டத்திலிருந்து வந்தவை, பற்கள் இருக்காது. அங்கே இந்தத் தேர்வைப் போட்டால் நல்ல படத்தின் கூர்மைதான் குறையும். அமெரிக்கா, ஜப்பானின் என்டிஎஸ்சி முறை டிவிடிகளில் வேறு சிக்கல். நொடிக்கு 24 சட்டங்களை 29.97-ஆக நீட்டியதால் ஒவ்வொரு ஐந்து ஃப்ரேமிலும் இரண்டு பல் காட்டும். அதற்கு ‘டிடெலிசின்’ என்ற தேர்வு, அது நீட்டலை அவிழ்த்துப் பழைய ஃபிலிம் வேகத்துக்கே கொண்டுவரும்.

இதில் வரிசை முக்கியம். பற்களை நீக்காமல் படத்தின் உயரத்தைச் சுருக்கினால் ஒற்றைப்படை வரியும் இரட்டைப்படை வரியும் கலந்துவிடும். அதன் பிறகு எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது.

பால் டிவிடியைப் பற்றி இன்னொரு செய்தி. 24 சட்ட ஃபிலிமை 25-ஆக ஓட்டுவதால் படம் 4 சதவீதம் வேகமாகப் போகிறது. 120 நிமிடப் படம் 115 நிமிடத்தில் முடிந்துவிடும். வேறு பதிப்புக்காகத் தயாரான சப்டைட்டில் ஃபைலைச் சேர்த்தால் தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகி, கடைசியில் ஐந்து நிமிடம் வரை தள்ளிப்போவது இதனால்தான். சில நொடிகள் முன்னே பின்னே நகர்த்துவதால் பயனில்லை, நேரத்தையே 25-க்கு 24 என்ற விகிதத்தில் சுருக்க வேண்டும்.

பிட்ரேட்டா, தர எண்ணா

ஃபைலின் அளவு என்பது பிட்ரேட்டை, அதாவது நொடிக்குச் செலவாகும் பிட்டை, நேரத்தால் பெருக்குவது, அவ்வளவுதான். நொடிக்கு 1,500 கிலோபிட் வீடியோ, 128 கிலோபிட் ஒலி, 7,200 நொடி. பெருக்கி எட்டால் வகுத்தால் ஏறத்தாழ 1.47 ஜிபி. ரெசல்யூஷன் இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சின்னத் திரைக்கு மாற்றியும் ஃபைல் ஏன் பெரிதானது என்றால், கன்வர்ட்டர் மூலத்தைவிட அதிகப் பிட்ரேட் வைத்திருக்கிறது என்பதே விடை.

பிட்ரேட்டைத் தீர்மானிப்பதைவிடத் தரத்தைத் தீர்மானிப்பது நல்ல வழி. எச்.264 தடத்தை உருவாக்கும் எக்ஸ்264 என்ற என்கோடரில் சிஆர்எஃப் என்ற தர எண் 0 முதல் 51 வரை இருக்கிறது, இயல்பு மதிப்பு 23. எண் குறைந்தால் தரம் கூடும். 6 கூட்டினால் ஃபைல் தோராயமாகப் பாதியாகும். டிவிடிக்கு 18 முதல் 22 வரை வைக்கலாம். இருவர் உட்கார்ந்து பேசும் காட்சிக்குக் குறைவாகவும் மழைக்காட்சிக்கு அதிகமாகவும் பிட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் பொறுப்பு என்கோடருடையது. மிச்சமிருக்கும் இடம் இவ்வளவுதான் என்ற கட்டாயம் இருந்தால் மட்டும் பிட்ரேட்டை நிர்ணயித்து இரண்டு முறை ஓடவிடும் வழியை எடுக்கலாம்.

ஒலியும் சப்டைட்டிலும்

படம் வருகிறது, சத்தம் இல்லை என்றால் ஒலித் தடம் ஏசி-3 அல்லது டிடிஎஸ் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். வீடியோவைத் தொடாமல் ஒலியை மட்டும் ஏஏசியாக மாற்றினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதற்காக முழுப் படத்தையும் இரவெல்லாம் என்கோட் செய்வது, செருப்பு கடித்ததற்குக் காலை மாற்றுவது மாதிரி.

ஆறு சேனல் கொண்ட 5.1 ஒலியில் வசனம் நடுச் சேனலில் இருக்கும். இரண்டு சேனலாகக் குறைக்கும்போது இசையும் வெடிச்சத்தமும் முன்னுக்கு வந்து பேச்சு அமுங்கிப் போகலாம். உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் ‘டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷன்’ தேர்வைக் கொஞ்சம் ஏற்றினால் பேச்சு மேலே வரும்.

டிவிடியின் சப்டைட்டில் எழுத்து அல்ல, நான்கு நிறத்தில் வரைந்த படம். பல கைபேசி பிளேயர்களுக்கு அது தெரியாது. ஒன்று, படத்தின் மேலேயே பதித்துவிடலாம். அதற்குப் பிறகு நீக்க முடியாது. இல்லையென்றால் எழுத்துணரி (ஓசிஆர்) மூலம் எஸ்ஆர்டி என்ற எழுத்து வடிவச் சப்டைட்டில் ஃபைலாக்கலாம். தமிழ் எஸ்ஆர்டி என்றால் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் சேமித்திருக்க வேண்டும். எழுத்துச் சேர்க்கை தெரியாத பழைய பிளேயரில் ‘கொ’ என்ற எழுத்து துண்டு துண்டாகச் சிதறும். அங்கே பதிப்பது ஒன்றே வழி.

பூட்டு

வீட்டில் பதிவு செய்த டிஸ்க்குகளில் பூட்டு இராது. கடையில் விற்கும் டிவிடிகளில் பெரும்பாலும் 40-பிட் சாவி கொண்ட சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கும், ப்ளூ-ரேயில் அதைவிடப் பலமான ஏஏசிஎஸ். பூட்டோடு நகலெடுத்த விஓபியைத் திறந்தால் பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள் சிதறும். ஃபைல் கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். சிஎஸ்எஸ்ஸை அவிழ்க்கும் நிரல் 1999-இலேயே வெளியாகிவிட்டது. எனவே இன்று உண்மையான தடை சட்டம்தான். அது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைப்பதையே தடுக்கிறது. பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு நகலெடுக்கலாம் என்று 2014 அக்டோபரில் விதிவிலக்கு வந்தது, 2015 ஜூலையில் நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் என்பதால் எல்லா இடத்திலும் அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எந்த வரிசையில் செய்வது

1. ஃபைலை முதலில் மீடியாஇன்ஃபோ என்ற கருவியில் திறக்கவும். பெட்டி, வீடியோ கோடெக், புரொஃபைல், பிட் ஆழம், ஒலி வகை எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். விஎல்சியிலும் ‘கோடெக் தகவல்’ இருக்கிறது.
2. வீடியோ எச்.264, 8-பிட் என்றால் அதைத் தொட வேண்டாம். பெட்டியையோ ஒலியையோ மாற்றிப் பார்க்கவும்.
3. எம்பெக்-2, அல்லது கருவிக்குத் தெரியாத கோடெக் என்றால் என்கோட் செய்துதான் ஆக வேண்டும். முழுப் படத்தையும் ஓடவிடுவதற்கு முன், அசைவு அதிகமுள்ள ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றிக் கைபேசியிலேயே பார்க்கவும். முக அகலம், பற்கள், உதட்டசைவோடு ஒலி பொருந்துகிறதா என்பது அந்த ஒரு நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.
4. டிஸ்க்கிலிருந்து எடுத்த மூலத்தை உடனே அழிக்க வேண்டாம். அடுத்த கருவி வாங்கும்போது மாற்ற வேண்டியது அதிலிருந்துதான், இப்போது செய்த நகலிலிருந்து அல்ல.
5. மெமரி கார்டில் ஏற்றும்போது பாதியில் ‘இடம் போதவில்லை’ என்று வந்து, கார்டிலோ 20 ஜிபி காலியாக இருந்தால், கார்டு எஃப்ஏடி32 முறையில் இருக்கிறது என்று பொருள். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. இதற்காகப் படத்தைச் சுருக்க உட்கார வேண்டாம். கார்டில் இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் அதே ஃபைல் அப்படியே ஏறிவிடும். கருவிக்கு எக்ஸ்ஃபேட் தெரியாதென்றால், மறுபடி என்கோட் செய்யாமலே ஃபைலை இரண்டாக வெட்டிக்கொள்ளலாம்.